சூடானதும் எரியும் சிவப்பு விளக்கு

என்ஜின் வேலை பார்த்து முடித்த வண்டியில் ஆயில் லைட் எரிந்தால், பெரும்பாலான மெக்கானிக்குகளின் கை முதலில் போவது ஆயில் பம்புக்கு. புதுப் பம்பு வாங்கி மாட்டுவார்கள். லைட் அணையாது. அடுத்து கெட்டி ஆயில் ஊற்றுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் வைப்பார்கள். கடைசியில் சுவிட்சுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டால் லைட் அணைந்துவிடும், வண்டியும் டெலிவரி ஆகிவிடும். சென்னையில் ஷெட் போட்டு இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன் நான். இந்த நான்கு வைத்தியமும் முடிந்து என்னிடம் வந்து சேர்ந்த வண்டிகள் ஏராளம்.

பம்பு பிரஷரை உண்டாக்குவதில்லை. அது ஆயிலைத் தள்ளுகிறது, அதோடு அதன் வேலை முடிந்தது. தள்ளிய ஆயில் வெளியேறும் வழி குறுகலாக இருந்தால்தான் பிரஷர் எழும்பும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதே, அதே சங்கதிதான். என்ஜினுக்குள் அந்தக் கட்டைவிரலாக இருப்பவை மெயின் பேரிங், கன்ராடு பேரிங், கேம் புஷ், ராக்கர் புஷ் ஆகியவை. ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் ஆயில் கசிந்து வெளியேறுகிறது.

அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் தொழிலில் தவு என்போம், மில்லிமீட்டரில் 0.025. ஒன்றரைத் தவு இருக்க வேண்டிய இடைவெளி மூன்று தவு ஆனால் கசிவு இரண்டு மடங்கு கூடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். கூடுவது எட்டு மடங்கு. இடைவெளியின் முப்படியில், அதாவது 2×2×2 என்ற கணக்கில், கசிவு ஏறுகிறது. ஆயிலைத் தடவிப் பார்த்தும் கிராங்கை ஆட்டிப் பார்த்தும் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும் பழக்கத்தை இந்த ஒரு கணக்கைக் கேட்ட நாளில் விட்டேன்.

நான் சொல்ல வரும் வண்டி ஒரு அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். இங்கிலாந்தின் பிஎம்சி கம்பெனி உருவாக்கிய பி-சீரிஸ் என்ஜின் அது. கிராங்கைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங்; அதே குடும்பத்து 1798 சிசி என்ஜின் எம்ஜிபி காரில் 1964-இல்தான் ஐந்து பேரிங்குக்கு மாறியது. கேம் ஷாஃப்டுக்கும் மூன்று புஷ். உத்தர்பாராவில் 2014 மே மாதத்தில் அம்பாசடர் உற்பத்தி நின்றுபோனாலும் இந்தப் பழைய பெட்ரோல் வண்டியைக் கைவிட மனமில்லாதவர்கள் சென்னையில் இன்னும் இருக்கிறார்கள். இதன் சொந்தக்காரர் புரசைவாக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற அதிகாரி. அவருடைய அப்பா வாங்கிய வண்டி.

அவர் வேறொரு இடத்தில் முழு என்ஜின் வேலை பார்த்திருந்தார். ரீபோர், புது பிஸ்டன், இருபது தவு குறைத்துக் கிராங்க் கிரைண்டிங், புது பேரிங், புது ஆயில் பம்பு எல்லாம் பில்லில் இருந்தன. காலையில் ஸ்டார்ட் செய்தால் குறை எதுவும் தெரியாது. வெயிலில் அரைமணி நேரம் ஓடி சிக்னலில் நின்றால் சிவப்பு லைட் மினுக்கும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் அணையும். வேலைக்கு முன்பும் இதே கதைதானாம். அதையும் சரிசெய்யத்தான் வேலைக்கே கொடுத்திருக்கிறார்.

"புது என்ஜின் டைட்டா இருக்கும், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்னு சொன்னாங்க மேஸ்திரி" என்றார்.

"டைட்டா இருந்தா பிரஷர் ஜாஸ்தியாத்தானே சார் இருக்கணும்?" என்றேன்.

அவர் பேசாமல் சாவியை நீட்டினார். ஓட ஓட என்ஜின் தேயும். தேய்ந்தால் இடைவெளி கூடும். பேரிங் இடைவெளி ஓடிச் சுருங்கிய என்ஜின் உலகத்திலேயே கிடையாது. செட் ஆகும் என்ற சொல் பிஸ்டன் ரிங்குக்குப் பொருந்தும், ஆயில் பிரஷருக்குப் பொருந்தாது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த முதலாளி, என்ஜினைச் சந்தேகப்படும் முன்னால் மீட்டரைச் சந்தேகப்படு என்பார். லைட்டைப் போடும் சுவிட்ச் ஏறத்தாழ 5 பிஎஸ்ஐ-க்குக் கீழே போனால்தான் விழும். 8 இருந்தாலும் லைட் எரியாது. 60 இருந்தாலும் எரியாது. சுவிட்சே கெட்டுப்போய் நல்ல என்ஜினிலும் எரியும். ஆகவே அதைக் கழற்றிவிட்டு அதே துளையில் முள் மீட்டரைக் குழாய் வைத்து மாட்டினேன். மீட்டர் மாட்டாமல் ஆயில் பிரஷர் பற்றிப் பேசுவதெல்லாம் வெறும் பேச்சு.

பச்சை என்ஜினில், அதாவது ஆறிய நிலையில், ஸ்டார்ட் செய்ததும் முள் 75-க்குப் போனது. நன்றாகச் சூடேறியபின் ஐட்லிங்கில் 6. 2000 ஆர்பிஎம்மில் 22. இந்த என்ஜின் ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐ அளவும், சூட்டில் ஐட்லிங்கில் 15-ஆவதும் காட்ட வேண்டும். ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ என்ற வாய்க்கணக்கும் உண்டு. அந்தக் கணக்குப்படி 2000-இல் 22 போதுமே என்று சமாதானம் சொல்லலாம். ஐட்லிங்கில் 6 அதைச் சொல்லவிடாது.

அந்த மூன்று எண்களிலேயே பாதி நோய் தெரிந்துவிடுகிறது. ஆறியிருக்கும்போதும் குறைவு, சூட்டிலும் குறைவு என்றால் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், பம்பு தேய்ந்திருக்கலாம், பிளாக்கைக் கழுவுவதற்காகக் கழற்றிய ஆயில் கேலரி பிளக்கைத் திருப்பிப் போடாமல் விட்டிருக்கலாம். ஐட்லிங்கில் சரியாக இருந்து வேகம் ஏற ஏற முள் விழுந்தாலோ துடித்தாலோ கோளாறு உறிஞ்சும் பக்கத்தில்: ஸ்ட்ரெய்னர் அடைப்பு, அல்லது காற்று இழுத்தல். ஆறியிருக்கும்போது நன்றாக ஏறி, சூட்டில் ஐட்லிங்கில் மட்டும் படுத்துவிட்டால் அது இடைவெளியின் வேலை. 40 கிரேடு ஆயில் 100 டிகிரி சூட்டில் 12.5-இலிருந்து 16.3 சென்டிஸ்டோக்ஸ் கெட்டிதான் இருக்க வேண்டும் என்பது எஸ்ஏஇ வரம்பு. அதே ஆயில் 40 டிகிரியில் அதைப்போல் ஏழெட்டு மடங்கு கெட்டியாக இருக்கும். பச்சை என்ஜினில் எந்த ஓட்டையையும் கெட்டி ஆயிலே அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் காலையில் பிரஷர் பார்த்து டெலிவரி கொடுக்கும் மெக்கானிக்கை நான் நம்புவதில்லை.

ஆனால் 75 என்னை உறுத்தியது. இந்த என்ஜினில் ரிலீஃப் வால்வு அவ்வளவு தூரம் ஏற விடாது. பிளாக்கின் இடப்பக்கம் பின்னால், குமிழ் மண்டை நட்டுக்குள் அது இருக்கிறது. கழற்றினால் ஸ்பிரிங்குக்குப் பின்னால் இரண்டு வாஷர். யாரோ வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். வாஷரை எடுத்துப் போட்டு, பிளஞ்சரும் அது உட்காரும் இடமும் கீறல் இல்லாமல் இருப்பதைப் பார்த்து மாட்டினேன். பச்சையில் 75 என்பது 55-க்கு வந்தது. சூட்டில் அதே 6.

ரிலீஃப் வால்வு என்பது கூரை. பிரஷர் 50-ஐத் தாண்டும்போதுதான் அது திறக்கும். 6-இல் கிடக்கும் பிரஷரைக் கூரையை உயர்த்தியா தூக்கிவிட முடியும்? வாஷரால் கிடைத்ததெல்லாம் காலை நேரத்தில் ஃபில்டர் பேக்கிங்குக்கும் பம்பு ஓட்டும் பல்லுக்கும் வேண்டாத சுமை. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புது ஸ்பிரிங் போட வேண்டும். வாஷர் வைப்பது சொந்தக்காரரின் கண்ணைக் கட்டுவதற்குச் சமம்.

அடுத்து ஆயில். டிப் ஸ்டிக்கை முகர்ந்தேன். மெக்கானிகல் பெட்ரோல் பம்பு உள்ள வண்டிகளில் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல், அடியிலுள்ள ஆயில் சேம்பரில் இறங்கி ஆயிலை நீராக்கிவிடும். அளவு குறையாமல் கூடிக்கொண்டே போனால் அதுதான். இதில் வாசனை இல்லை. ஆயிலைச் சுத்தமான தட்டில் வடித்து வெயிலில் பார்த்தேன். புதுப் பேரிங் உரிந்திருந்தால் வெள்ளிப் பொடி மினுங்கும். ஃபில்டர் பேப்பரை வெட்டி விரித்ததிலும் பயப்படும்படி எதுவும் இல்லை. மேலே ராக்கர் ஷாஃப்டின் முனை பிளக் இருக்கிறதா என்று கவரைத் திறந்து பார்த்தேன். அது இல்லாமல் மாட்டிய என்ஜின்களும் வந்திருக்கின்றன. திறந்த முனை வழியே ஆயில் கொட்டிக்கொண்டே இருக்கும்.

உறிஞ்சும் பக்கம் பற்றிச் சொன்னதால் ஒரு மாருதி 800 ஞாபகம் வருகிறது. சேம்பர் பேக்கிங்குக்குப் பதிலாக சிலிகான் பேஸ்ட்டைத் தாராளமாகப் பிதுக்கியிருந்தார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்தவர்களுக்கு உள்ளே பிதுங்கியது கண்ணில் படவில்லை. அது புழுப்போல நூல் நூலாகக் கழன்று ஸ்ட்ரெய்னர் வலையில் போய் ஒட்டிக்கொண்டது. ஐட்லிங்கில் லைட் இல்லை. பைபாஸில் விரட்டினால் எரியும். அம்பாசடருக்கு நேர் எதிர். வலையைச் சுரண்டி எடுத்ததோடு வேலை முடிந்தது. அந்த வண்டியின் பம்பைப் போல ரோட்டார் பம்புகளைக் காய்ந்த நிலையில் மாட்டக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே வாசலினை நிரப்பி மாட்டினால்தான் முதல் சுற்றிலேயே ஆயிலை இழுக்கும். வேலை முடித்த என்ஜினை ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, மீட்டரில் முள் எழும்பும்வரை செல்ஃபில் சுற்றிய பிறகுதான் நெருப்பு கொடுக்க வேண்டும். முதல் அரை நிமிடம் ஆயில் இல்லாமல் ஓடிய புதுப் பேரிங், புதுப் பேரிங் இல்லை.

அம்பாசடரின் என்ஜினை இறக்கி, கவிழ்த்துப் போட்டு சேம்பரைக் கழற்றினேன். பம்பைப் பிரித்து ரோட்டார் முகத்தின்மேல் நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜ் விட்டதில் மூன்று தவு. ஐந்து வரை பொறுக்கலாம். பம்பு நல்ல பம்பு. மெயின் பேரிங் கேப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஜர்னலின்மேல் பிளாஸ்டிகேஜ் நூலை வைத்து, டார்க் ரெஞ்சில் முறைப்படி இறுக்கித் திரும்பக் கழற்றி, நசுங்கிய அகலத்தை அட்டையில் ஒப்பிட்டுப் பார்த்தேன். இந்த வேலையின்போது கிராங்கைத் துளியும் சுற்றக் கூடாது. மூன்று மெயினிலும் இரண்டு தவுக்கு உள்ளேயே இருந்தது. ஒன்றிலிருந்து இரண்டரைத் தவு வரை சரியான அளவு. கன்ராடுகளும் அப்படியே. மைக்ரோமீட்டரில் ஒவ்வொரு ஜர்னலையும் இரண்டு திசையில், இரண்டு இடத்தில் அளந்தேன். நீள்வட்டமும் இல்லை, சரிவும் இல்லை. கிராங்க் கிரைண்டிங் செய்தவர் சுத்தமாகச் செய்திருந்தார். கேப்பை அரம் போட்டு ராவியிருக்கிறார்களா, பேரிங்குக்குப் பின்னால் தகரம் வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்தேன். இதெல்லாம் நம் ஊரில் நடக்கிற அக்கிரமங்கள். இந்த என்ஜினில் அதுவும் இல்லை.

பம்பு நல்லது, பேரிங் நல்லது, வால்வு நல்லது. ஆனால் 6 பிஎஸ்ஐ. இந்த இடத்தில் பலர் இன்னொரு புதுப் பம்பு வாங்கப் புறப்பட்டுவிடுவார்கள்.

என்னிடம் பழைய தீயணைப்பான் சிலிண்டர் ஒன்று இருக்கிறது. நன்றாகச் சோதித்து வால்வும் ஹோஸும் வைத்துக்கொண்டது. அதில் மூன்று நாலு லிட்டர் ஆயிலைச் சூடாக்கி ஊற்றி, கம்ப்ரஸர் காற்றை 40 பிஎஸ்ஐ-க்குச் செலுத்தி, ஹோஸைப் பிரஷர் சுவிட்ச் துளையில் மாட்டினால், என்ஜின் ஓடாமலே ஆயில் கேலரி முழுவதும் பிரஷர் ஏறும். 40 என்பதால் ரிலீஃப் வால்வு திறக்காது. சேம்பர் இல்லாத என்ஜினை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, கீழே தட்டு வைத்து, லைட் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நல்ல பேரிங்கிலிருந்து ஆயில் சொட்டுச் சொட்டாக, வேகமாக விழும். அளவு கடந்த இடத்தில் தாரையாகக் கொட்டும். அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது: கிராங்கின் துளையும் பேரிங்கின் துளையும் நேர்கோட்டில் வந்தால் நல்ல பேரிங்கும் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றும். கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

மெயின்கள் சொட்டின. கன்ராடுகள் சொட்டின. ஸ்ட்ரெய்னர் வழியாகவும் இரண்டு சொட்டு. ஆனால் தட்டில் ஆயில் ஏறிக்கொண்டே இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று தலையைத் திருப்பிப் பார்த்தால், கிராங்குக்கு மேலே, கேம் ஷாஃப்டின் நடு புஷ்ஷிலிருந்து பிளாக்கின் உட்சுவரை ஒட்டி வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. சுவரோடு வழிந்ததால் முதலில் சொட்டும் தெரியவில்லை, தாரையும் தெரியவில்லை.

கேம் ஷாஃப்டை உருவி அளந்தபோது நடு புஷ்ஷில் ஆறு தவு இடைவெளி. வெள்ளை உலோகம் ஒரு பக்கம் உரிந்து இரும்பு தெரிந்தது. மற்ற இரண்டும் நாலுக்குக் குறையவில்லை. இருக்க வேண்டியது ஒன்றரை. முப்படிக் கணக்குப்படி ஆறு தவு என்றால் அறுபத்து நாலு மடங்கு கசிவு. மெயின் பேரிங்கிலிருந்து கேம் புஷ்ஷுக்கு ஏறும் துளை அவ்வளவு ஆயிலை விடாது என்றாலும், அந்தத் துளை விடுகிற மொத்தமும் அங்கேயே வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது.

முந்தைய பில்லை எடுத்துப் பார்த்தேன். பிஸ்டன் முதல் ஃபேன் பெல்ட் வரை எல்லாம் புதுசு. கேம் புஷ் என்ற வரியே இல்லை. இந்த என்ஜினில் அது யாரும் தொட விரும்பாத வேலை. டைமிங் செயின், டேப்பட், டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர்) ஓட்டும் தண்டு எல்லாவற்றையும் எடுத்தால்தான் கேம் வெளியே வரும். பழைய புஷ்ஷை இழுக்கத் தனிக் கருவி வேண்டும். புதுப் புஷ் அடித்த பிறகு மூன்றையும் ஒரே நேர்க்கோட்டில் லைன் ரீமர் விட்டு அளவு எடுக்க வேண்டும். ரீமர் எல்லா லேத்துக் கடையிலும் கிடையாது.

ஜெனரல் பாட்டர்ஸ் ரோடில் பழைய கடை ஒன்றில் புஷ் செட் கிடைத்தது. ரீமர் என் லேத்துக்கார பாயிடம் இருந்தது. வழிகாட்டித் தண்டோடு அவரே செய்துகொண்டது.

"கேம் புஷ்ஷா மேஸ்திரி? இந்த ரீமரைத் துரு எடுக்கணும் போல இருக்கே. யார் கேக்கறாங்க இப்போ?" என்றார்.

"நான் கேக்கறேன் பாய்."

புஷ் அடிக்கும்போது கவனிக்க வேண்டியது அதன் ஆயில் துளை. பிளாக்கில் உள்ள துளைக்கு நேராக வராமல் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாலும் ஆயில் வழி அடைபடும். அப்போது மீட்டரில் பிரஷர் அழகாக ஏறும். கேம் காய்ந்து சாகும். பிரஷர் நன்றாக இருப்பதே ஆபத்தாகும் இடம் இது. ஆகவே ரீமர் விட்ட பிறகு ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டுப் பார்த்தோம், சீவல் தூள் தங்காமல் கேலரி பிளக்குகளைத் திறந்து மண்ணெண்ணெயும் காற்றும் அடித்துக் கழுவினோம், பிளக்குகளை எண்ணித் திருப்பிப் போட்டோம்.

என்ஜினைப் பூட்டி, அதே 20W-40 ஆயில் ஊற்றி, செல்ஃபில் சுற்றிப் பிரஷர் ஏற்றி, பிறகு ஸ்டார்ட் செய்தோம். சொந்தக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மீட்டரைக் கழற்றாமலே வெயிலில் கோயம்பேடு வரை போய் வந்தேன். திரும்பி வந்து ஐட்லிங்கில் நிறுத்தியபோது 20. இரண்டாயிரத்தில் 45. அவர் மீட்டரைப் பார்த்துவிட்டு, "அப்ப அந்தப் புதுப் பம்பு?" என்று கேட்டார். பழைய பம்பே போதுமானதாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

20W-50 ஊற்றியிருந்தால் அந்த 6 பிஎஸ்ஐ ஒருவேளை 8 ஆகியிருக்கும். லைட்டும் மினுக்காமல் இருந்திருக்கும். தேய்ந்த வண்டியை இன்னும் ஒரு வருஷம் ஓட்டி விற்க நினைப்பவருக்கு அதில் தப்பில்லை. புதிதாக என்ஜின் வேலை பார்த்த வண்டிக்கு அதைச் செய்தால் அது பித்தலாட்டம்.

என்ஜின் வேலைக்கு வண்டியைக் கொடுக்கிறவர்கள் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். கிராங்கும் பேரிங்கும் என்ன அளவு என்று காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேம் புஷ் மாற்றப்பட்டதா, மாற்றவில்லை என்றால் அதன் இடைவெளி எவ்வளவு என்று கேளுங்கள். வண்டியை எடுக்கும் நாளில் முள் மீட்டரை மாட்டி, ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, ஐட்லிங்கில் எவ்வளவு நிற்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். மீட்டர் மாட்ட மறுக்கிற மெக்கானிக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.